எட்டு நண்பர்கள், கோடையில் ஒரு மலையூர்: பாதிப் பேர் ஏறணும், பாதிப் பேர் உட்காரணும். எப்படிச் சமாளிப்பது?

சாரல்வாசி (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். கல்லூரிக் கால நண்பர்கள் எட்டுப் பேர், இரண்டு கார், கோடை விடுமுறை. தேதி முடிவாகிவிட்டது, ஊர் முடிவாகவில்லை. பட்டியலில் இரண்டு ஊர்கள் நிற்கின்றன. ஒன்று 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது: ஏரி, பூங்கா, கடைத்தெரு, நல்ல கூட்டம். இன்னொன்று 3,000 மீட்டரில்: சின்ன ஊர், சுற்றிலும் சிகரங்கள், கூட்டம் குறைவு.

குழுவில் மூன்று பேர் விடியும் முன்பே கிளம்பி மலையேற வேண்டும் என்கிறார்கள். இன்னும் மூன்று பேருக்குப் போர்வையை விட்டு வெளியே வருவதே மலையேற்றம். மீதி இரண்டு பேர் "நீங்க எது சொன்னாலும் சரி" கட்சி. என்னைக் கேட்டால் இவர்கள்தான் ஆபத்து. கிளம்பிய பிறகுதான் இவர்களுக்கு அபிப்பிராயமே பிறக்கும்.

எந்த ஊர் என்பது ஒரு கேள்வி. வண்டி ஓட்டுவது, அறை, செலவு எல்லாவற்றையும் சண்டை வராமல் எப்படிப் பிரிப்பது என்பது இன்னொன்று. விடுதிப் பெயர்கள் வேண்டாம், அதை நானே தேடிக்கொள்வேன்.


பழையகியர்:

ஊர் எதுவாகவும் இருக்கட்டும், நான் வண்டியிலிருந்து தொடங்குகிறேன். எட்டுப் பேரில் மலைப்பாதை ஓட்டிப் பழகியவர்கள் எத்தனை பேர்? காருக்கு இரண்டு பேராவது வேண்டும். "நான் ஒருத்தனே ஓட்டிடுவேன்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். சமவெளியில் அது நடக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் தொடர்ந்து ஓட்டினால் கை ஓய்வதற்கு முன்பே கவனம் ஓய்ந்துவிடும்.

ஏறும்போது எல்லாருமே ஜாக்கிரதையாகத்தான் இருப்பார்கள். சிக்கல் இறங்கும்போது. ஊர் திரும்பும் அவசரம், தூக்கக் கலக்கம், பின்னால் இருப்பவர்கள் பேச்சு. இறக்கம் முழுக்கப் பிரேக்கில் கால் வைத்தபடியே வந்தால் டிஸ்க்கும் பேடும் சூடேறிப் பிடிமானம் குறையும். சூடு பிரேக் ஆயில் வரை போய் அது கொதித்தால் உள்ளே குமிழ் உண்டாகும். அதற்கப்புறம் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

பழைய ஓட்டுநர்கள் சொல்லும் கணக்கு எளிது: ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ, அதே கியரில் இறங்கு. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் குறைந்த கியரில் நிறுத்திவைக்க வழி இருக்கும். கிளம்புவதற்கு முன்பே அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவையுங்கள். பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வராமல், தேவைப்படும்போது அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். கருகிய வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

இன்னொன்று. நியூட்ரலில் உருட்டினால் எரிபொருள் மிச்சம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது, ஆக்சிலேட்டரை விட்டதும் எரிபொருள் ஊசியை மூடிவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் எரித்துக்கொண்டே இருக்கும். மிச்சமும் இல்லை, பிடிமானமும் இல்லை.


சுண்டெலி:

நான் பின்சீட்டு வாந்திக் கட்சி. எங்கள் தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள்.

கண் காருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு எதுவும் நகரவில்லை. உள்காதுக்கோ வண்டி திரும்புவதும் குலுங்குவதும் தெரியும். இரண்டு சேதியும் ஒத்துப்போகாததால் வருவதுதான் இந்தக் குமட்டல். ஓட்டுகிறவருக்கு அது பெரும்பாலும் வராது, அடுத்த வளைவு எப்போது என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் எங்களில் ஒருவருக்கு முன்சீட்டைக் கொடுங்கள், கௌரவப் பிரச்சினை ஆக்காதீர்கள். கண் தொலைவில் இருக்கட்டும், போன் பையில் இருக்கட்டும். மாத்திரை போடுவதானால் மலை ஏறத் தொடங்குவதற்கு அரைமணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்தே வெளியே வரும். அந்த மாத்திரைகள் தூக்கம் வரவைப்பவை. ஆகவே ஓட்டும் முறை உள்ளவர் போடக்கூடாது.

அப்புறம் காரில் வாசனை திரவியம் தொங்கவிடுகிற நண்பர் யாரோ அவரை மற்ற காரில் ஏற்றுங்கள்.


ஈரக்காற்று:

ஊரைத் தேர்ந்தெடுக்க உயரத்தை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஆக, உங்கள் முதல் ஊர் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 10 டிகிரி குளிர்ச்சி, இரண்டாவது 20 டிகிரி வரை. கீழே 38 டிகிரி கொதிக்கும்போது முதல் ஊரில் 28. அது "குளிர்" இல்லை, "இதம்". கம்பளி மூட்டைகளோடு போய் இறங்கி வியர்ப்பவர்களை எல்லாக் கோடையிலும் பார்க்கலாம்.

ஆனால் இதம் என்று ஏமாறக்கூடாத ஒன்று வெயில். 1,000 மீட்டருக்குப் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தோல் காய்வதே தெரியாது, மாலையில் கண்ணாடி பார்த்தால்தான் தெரியும். தொப்பி, கண்ணாடி, களிம்பு மூன்றும் இங்கே அலங்காரம் இல்லை.

இனி உங்கள் விடியற்காலைக் கட்சிக்கும் போர்வைக் கட்சிக்கும் நடுவே தீர்ப்பு. மலையில் கோடை நாள் இரண்டு பாதியாக உடைந்திருக்கும். காலை வெயிலில் சரிவுகள் சூடாகும், காற்று சரிவோடு மேலே ஏறும், உச்சியைத் தாண்டி மேகமாகும். காலை பத்து மணிக்குச் சின்னச் சின்ன வெள்ளைத் துண்டுகள். மதியத்தில் அவை உயரமாக வளரும். பிற்பகலில் இடி. எல்லா நாளும் இப்படி இருக்காது, ஆனால் கோடையில் உலகத்தின் பல மலைகளில் இதுதான் வழக்கம். அதனால் உச்சிக்கோ முகட்டுக்கோ போகிறவர்கள் மதியத்துக்குள் கீழே இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். விடியற்காலைக் கட்சி அடம்பிடிக்கவில்லை, மலையின் நேரத்தைச் சொல்கிறார்கள். போர்வைக் கட்சிக்கும் ஆறுதல் உண்டு: பிற்பகலில் எப்படியும் எல்லாரும் அறையில்தான்.

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி. 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்கோ கூரையுள்ள காருக்கோ போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வராதீர்கள். தனி மரம், முகடு, திறந்த புல்வெளி மூன்றும் வேண்டாம்.


கட்டைவிரல்:

//விடியற்காலைக் கட்சி அடம்பிடிக்கவில்லை, மலையின் நேரத்தைச் சொல்கிறார்கள்//

விடுமுறையில் அலாரம் வைப்பவனோடு எனக்கு நட்பே இல்லை. அவ்வளவுதான், வேறு கருத்து இல்லை.


மருந்துப்பெட்டி:

நான் செவிலியர். 3,000 மீட்டர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். காற்றில் ஆக்சிஜன் விகிதம் மாறாது, ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறையும். உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். உங்கள் முதல் ஊரில் அந்தக் கவலை இல்லை, இரண்டாவதில் உண்டு.

காரில் காலையில் கிளம்பி மாலையில் 3,000 மீட்டரில் இறங்கினால், அப்போது எல்லாரும் நன்றாகத்தான் இருப்பார்கள். போட்டோ எடுப்பார்கள். தலைவலி பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் முதல் இரவில் வரும். கூடவே குமட்டல், பசியின்மை, களைப்பு, தூக்கம் கெடுதல். இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று: உடல்வலு இதைத் தடுக்காது. ஓட்டப்பந்தயம் ஓடுகிறவர் படுத்துவிடுவார், படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர் தெம்பாக இருப்பார். போன தடவை எனக்கு வரவில்லை என்பதும் உத்தரவாதம் இல்லை.

போவதானால் நடுவில் 1,500 முதல் 2,500 மீட்டருக்குள் ஒரு ஊரில் இரவு தங்கிப் போங்கள். மேலே போன முதல் நாள் ஒன்றும் பெரிதாகச் செய்யாதீர்கள். முதல் இரவுகளில் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். இரண்டும் தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும், அங்கே ஏற்கெனவே குறைவாக இருக்கிறது. அசெட்டசோலமைடு என்ற மாத்திரை முன்தடுப்புக்கு உதவும், ஆனால் மருத்துவரைக் கேட்டுத்தான். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

விதி இதுதான்: தலைவலி இருந்தால் இன்னும் மேலே போகாதே. மோசமானால் இறங்கு. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நண்பர்கள் கூட்டத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. "என்னால எல்லாருடைய பயணமும் கெட்டுடக்கூடாது" என்று மறைப்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். காலை எழுந்ததும் ஒவ்வொருவரையும் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

என் தேர்வு முதல் ஊர். விடுமுறை குறைவாக இருக்கும்போது உடல் பழகவே பாதி நாள் போய்விடும்.


நடைராசன்:

அக்கா சொன்னதை ஏற்கிறேன், ஆனால் 1,500 மீட்டரில் தங்கியே உயரத்தைப் பார்க்கும் வழி உண்டு. பல மலையூர்களில் கம்பிவண்டி இருக்கும். பிரான்சின் சமோனி ஊர் வெறும் 1,035 மீட்டரில்தான் இருக்கிறது. அங்கிருந்து எகியூய் து மிதி சிகரம், 3,842 மீட்டர், கம்பிவண்டியில் சுமார் 20 நிமிடம். மேலே ஓடாமல், குதிக்காமல், பார்த்துவிட்டு ஓரிரு மணி நேரத்தில் இறங்கிவிட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தலை கொஞ்சம் கிறுகிறுப்பதோடு சரி. தூங்குவது தாழ்வான இடத்தில் என்பதுதான் முக்கியம். இருதய, நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு இறங்கும் என்று ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காற்று பலமாக வீசினால் சொல்லாமலே நிறுத்திவிடுவார்கள்.

நடப்பவர்களுக்கு: வழிகாட்டிப் பலகையில் இருக்கும் தூரத்தை மட்டும் பார்த்து நேரம் போடாதீர்கள். 1892இல் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார், இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். 8 கிலோமீட்டர் பாதை, 600 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டரை மணி நேரத்துக்குமேல். இது நல்ல நடைக்காரருக்கு, நிற்காமல். நண்பர்கள் கூட்டத்துக்கு இன்னும் பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒருவர் ஷூ கயிறு கட்டுவார், ஒருவர் மாட்டோடு செல்ஃபி எடுப்பார்.

ஓடையைத் தாண்ட வேண்டியிருந்தால் காலையிலேயே தாண்டுங்கள். பனியாற்றுத் தண்ணீர் வரும் ஓடைகள் பிற்பகலில்தான் பெருகும், காலையில் கணுக்கால் அளவு இருந்தது திரும்பும்போது தொடையளவு நிற்கும். வெயில் அடித்தாலும் சரி, மேலே எங்கோ மழை பெய்திருந்தால் தண்ணீர் கலங்கி வரும், கலங்கினால் கரையேறிவிடுங்கள்.


சாரல்வாசி:

நன்றி எல்லாருக்கும். 3,000 மீட்டர் ஊரைக் குழுவில் சொன்னபோதே ஒருவர் "நம்ம எல்லாம் யங்ஸ்டர்ஸ்" என்றார். செவிலியர் அக்காவின் பதிவை அப்படியே அனுப்பினேன், அமைதியாகிவிட்டார். முதல் ஊர்தான் முன்னணியில்.

ஆனால் பெரிய சண்டை இப்போது வேறு. எல்லாரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டுமா?


பனிப்பூ:

வேண்டவே வேண்டாம். எட்டுப் பேர் ஒரு முடிவெடுக்க ஆகும் நேரத்தில் ஏரியை இரண்டு தடவை சுற்றி வந்துவிடலாம். காலையில் யார் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். நாளுக்கு ஒரு வேளை மட்டும், இரவுச் சாப்பாட்டில், எல்லாரும் கட்டாயம். இரண்டு கார் இருப்பதே வரம். ஒன்று மலையேறுபவர்களுக்கு, இன்னொன்று ஊருக்குள். முந்தின நாள் இரவே "நாளை நான் எந்தக் காரில்" என்று எல்லாரும் சொல்லிவிட வேண்டும். "எது சொன்னாலும் சரி" கட்சிக்குச் சீட்டுக் குலுக்குங்கள், அபிப்பிராயம் உடனே பிறந்துவிடும்.


கட்டைவிரல்:

//நாளுக்கு ஒரு வேளை மட்டும் எல்லாரும்//

அப்புறம் எதற்கு நண்பர்களோடு போவது? தனித்தனியாகப் போய் இரவில் வீடியோ காலில் பேசிக்கொள்ளலாமே. பயணத்தில் நினைவில் நிற்பது வழி தவறியது, மழையில் மாட்டியது, சேர்ந்து பசித்தது. அது எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தால்தான் நடக்கும்.


பனிப்பூ:

மழையில் மாட்டுவதற்கு எட்டுப் பேர் தேவையில்லை, நான்கு பேர் போதும். எட்டுப் பேரின் வேகத்துக்கு நடந்தால் வேகமாக நடப்பவருக்கும் எரிச்சல், மெதுவாக நடப்பவருக்கும் குற்ற உணர்ச்சி. முழங்கால் வலிக்காரரை "கொஞ்ச தூரம்தான், வா" என்று இழுத்துக்கொண்டு போவது எந்த ஊர் நட்பு?


பழையகியர்:

இருவரும் சொல்வதில் விஷயம் இருக்கிறது, ஆனால் நான் பனிப்பூ பக்கம். ஒரு நிபந்தனையோடு. பிரிந்து போகும் குழு, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம், அந்த நேரம் தாண்டினால் யாருக்கு முதலில் சொல்ல வேண்டும் என்பதை அறையில் ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும். மலையில் ஒரு வளைவு தாண்டினால் போனில் சிக்னல் போய்விடும். குளிரில் மின்கலமும் சீக்கிரம் இறங்கும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்கும் குழுவுக்குள் இன்னும் பிரியக்கூடாது. முன்னால் போகிறவர் ஒவ்வொரு பிரிவுப் பாதையிலும் நின்று கடைசி ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். கடைசி ஆள் வந்து மூச்சு வாங்கிய பிறகுதான் கிளம்ப வேண்டும். அவர் வந்து சேர்ந்த நொடியே கிளம்பினால், அதிகம் தேவைப்படுகிறவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. இதைக் கவனிக்கிறவர்கள் அபூர்வம்.


எண்சாமி:

கணக்குக்கு வருகிறேன். கிளம்பும் முன் எல்லாரும் ஒரே தொகையை ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். பொதுச் செலவு மட்டும் அதிலிருந்து: எரிபொருள், சுங்கம், வண்டி நிறுத்தம், தங்குமிடம், எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் வேளை. கம்பிவண்டிச் சீட்டு, மது, கடைத்தெரு எல்லாம் அவரவர் பையிலிருந்து. குடிக்காதவர் குடிப்பவர் கணக்கைச் சுமப்பதுதான் பல குழுக்களில் வாய் திறந்து சொல்லப்படாத கசப்பு. தீர்ந்தால் மறுபடி சம அளவில் போடுங்கள். கார் உரிமையாளருக்கு எரிபொருள் பங்கிலிருந்து விலக்கு அளித்தால் நியாயமாக இருக்கும், டயரும் பிரேக்கும் அவருடையதுதானே தேய்கிறது.

கடைசி நேரத்தில் வரவில்லை என்பவரின் பங்கு என்ன ஆகும் என்று பதிவு செய்வதற்கு முன்பே பேசிவிடுங்கள். என் கருத்து: அறைக்குத் திருப்பித் தராத பணத்தில் அவர் பங்கை அவர் கொடுக்க வேண்டும், மற்றதைத் தர வேண்டாம். அவர் வராததால் மற்ற ஏழு பேருக்குச் செலவு ஏறக்கூடாது.

அறைகள் சமமாக இருக்காது. ஒன்றில் பால்கனியும் பள்ளத்தாக்கும், இன்னொன்றில் சமையலறைப் புகைபோக்கி. இதற்குக் கணித முறையே இருக்கிறது. மொத்த வாடகையை 100 என்று வையுங்கள். நான்கு அறை, நான்கு ஜோடி என்றால் முதலில் எல்லாம் 25. நால்வரும் பால்கனி அறையையே கேட்பார்கள். அதை 34 ஆக்கி மற்றவற்றைக் குறையுங்கள். இப்போது ஒரு ஜோடி "34 கொடுத்துப் பால்கனியா, 22க்கு இதே போதும்" என்று இறங்கும். இப்படி ஏற்றி இறக்கிக்கொண்டே போனால், ஒவ்வொரு ஜோடிக்கும் வேறு வேறு அறையே பிடித்துப்போகும் விலை ஒன்று வரும். அப்படி ஒன்று இருக்கும் என்பதைச் சில எளிய நிபந்தனைகளின் கீழ் 1999இல் பிரான்சிஸ் சூ என்ற கணிதவியலாளர் நிரூபித்திருக்கிறார். புகைபோக்கி அறைக்காரருக்கு அந்த ஏமாற்ற உணர்வு வராது, அவரே தேர்ந்தெடுத்தது.


கட்டைவிரல்:

விடுமுறைக்கு அலாரம், இப்போது தேற்றம். நண்பர்களா, தணிக்கைக் குழுவா?


ஈரக்காற்று:

அறை என்றதும் நினைவு வந்தது. பள்ளத்தாக்கின் அடிமட்டத்தில், ஏரிக்கரையில் இருக்கும் விடுதிதான் எல்லாருக்கும் ஆசை. இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவு வழியே வழிந்து அடிமட்டத்தில்தான் தேங்கும். காலையில் பனிமூட்டமும் அங்கேதான் கடைசியாகக் கலையும். சரிவின் நடுப்பகுதியில் இருக்கும் விடுதி பல இரவுகளில் கீழே இருப்பதைவிடக் கதகதப்பாக இருக்கும், காலையில் வெயிலும் முதலில் வரும். கிழக்கு பார்த்த சரிவானால் போர்வைக் கட்சிக்கே தானாக விழிப்பு வரும், அலாரம் வேண்டாம்.


தூசித்தடம்:

நீரோட்டத்துக்கு எதிராக ஒன்று சொல்கிறேன். அந்த முதல் ஊருக்கும் போகாதீர்கள், கோடை வாரஇறுதியில் மட்டுமாவது.

இந்த மலையூர்களில் பல, வெக்கையிலிருந்து தப்பிக்கச் சிலருக்காகக் கட்டப்பட்டவை. 1864இல் சிம்லாவைக் கோடைத் தலைநகர் ஆக்கினார்கள். பிலிப்பீன்ஸில் பாகியோவுக்கு 1905இல் டேனியல் பர்ன்ஹாம் வரைந்த திட்டம் சுமார் 25,000 பேருக்கானது. இன்று அங்கே வசிப்பவர்களே மூன்றரை லட்சத்துக்கு மேல், சுற்றுலாக் கூட்டம் அதற்கு மேல். ஊர் வளர்ந்தது, மலை வளரவில்லை. சாலையை அகலப்படுத்தச் சரிவை வெட்ட வேண்டும், வெட்டினால் சரியும். தண்ணீரைக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும். 2018 மே மாதம் சிம்லாவில் குடிநீர் இல்லாமல் போய், உள்ளூர்க்காரர்களே சுற்றுலாப் பயணிகளை வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். நாம் அறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடும்போது, கீழே ஒரு வீட்டில் குடத்தோடு நிற்கிறார்கள்.

மாற்று இருக்கிறது. பனிச்சறுக்குக்குப் பேர்போன ஊர்களில் பலவற்றுக்குக் குளிர்காலம்தான் உச்சம். கோடையில் அறைகள் காலியாக இருக்கும், நடைபாதைகளும் கம்பிவண்டியும் இயங்கும். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடைப்பட்ட வாரங்களில் சில ஊர்கள் கதவையே மூடிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் செர்மாட் போன்ற ஊரில் சொந்தக் காரோடு நுழையவே முடியாது. 5 கிலோமீட்டர் முன்னால் டாஷில் நிறுத்திவிட்டு ரயிலில் போக வேண்டும். அங்கே இரவில் கேட்பது தண்ணீர்ச் சத்தம்தான், ஹாரன் இல்லை.


நடைராசன்:

தூசித்தடம் சொல்வது புரிகிறது, ஆனால் எல்லாருக்கும் விடுமுறை ஒரே நேரத்தில்தான் கிடைக்கிறது. "போகாதே" என்பதைவிட "வாரநாளில் போ, நகரின் மையத்தில் தங்காதே, ஊருக்குள் நட" என்று சொன்னால் கேட்பவர்கள் அதிகம் இருப்பார்கள்.


தூசித்தடம்:

சரி, அதையே சொல்கிறேன். கூடவே, கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மலையில் குப்பையைக் கீழே இறக்க ஒரு லாரி வேண்டும், எங்கேயும் அது இலவசமில்லை.


சுண்டெலி:

பிளாஸ்டிக் பேச்சில் ஒரு குறிப்பு. ஏறும்போது காற்றடைத்த தின்பண்டப் பொட்டலங்கள் பலூன் போல உப்பும், சில வெடிக்கும். ஷாம்பு பாட்டிலைக் கீழே இருக்கும்போதே அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். இல்லாவிட்டால் மேலே போய்த் திறக்கும்போது துணிமணி எல்லாம் குளித்திருக்கும். காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள், இல்லாவிட்டால் எதையாவது மெல்லுங்கள்.


வெண்முகில்:

சமைத்துச் சாப்பிடும் திட்டம் உண்டா? 1,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், 3,000 மீட்டரில் 90. கொதிக்கிறது என்று பார்த்து இறக்கினால் பருப்பு கடிக்க வரும். குக்கர் எடுத்துப் போங்கள், அல்லது நேரத்தைக் கூட்டுங்கள். எட்டுப் பேர் பசியோடு அடுப்பைச் சுற்றி நிற்கும்போது இயற்பியல் பேசினால் அடி விழும்.


மருந்துப்பெட்டி:

புல்வெளியில் உட்காருபவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்ந்த நாடுகளின் மலைப்புற்களில் கோடையில் உண்ணிகள் இருக்கும். ஈரமான வெப்பமண்டல மலைகளில் அட்டை. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், அழகு அப்புறம். இரவில் ஒருமுறை முழங்கால் மடிப்பு, அக்குள், கழுத்து பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் நுனிகூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, சூடு வைப்பது எதுவும் வேண்டாம். பிறகு சில வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வளையம் விரிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய், உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

பார்க்கத் தெளிவாக இருந்தாலும் ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். மேலே கால்நடை மேய்கிறது.


சாரல்வாசி:

இழையைக் குழுவில் பகிர்ந்தேன். நிலவரம்: 1,500 மீட்டர் ஊர் உறுதி. வாரஇறுதியில் போய் வாரஇறுதியில் வராமல், திங்கள் இரவு போய்ச் சேர்வது போல மாற்றிவிட்டோம். இரண்டு பேர் அலுவலகத்தில் பேச வேண்டியிருந்தது, பேசிவிட்டார்கள். காலையில் பிரிந்து போவது, இரவில் சேர்வது. கட்டைவிரல் மனம் குளிர ஒரு நாள் மட்டும் எல்லாரும் ஒன்றாக, எந்தத் திட்டமும் இல்லாமல். சரிவின் நடுவில் இருக்கும் ஒரு வீட்டையே எடுத்துவிட்டோம், நான்கு அறை. எண்சாமியின் முறைப்படி விலை போட்டதில் பால்கனி 31க்குப் போனது. புகைபோக்கி அறையை 18க்கு எடுத்தவர்தான் குழுவில் இப்போது மிக மகிழ்ச்சியானவர்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். இரண்டு காரில் ஒன்று மின்சாரக் கார். மலைக்குத் தாங்குமா?


பழையகியர்:

தாங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடு 2 டன் எடையுள்ள வண்டியை 1,500 மீட்டர் தூக்க மட்டும் சுமார் 8 கிலோவாட் மணி வேண்டும், வழக்கமாக அந்தத் தூரத்துக்கு ஆகும் செலவுக்கு மேல். ஆகவே அடிவாரத்தில் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். இறங்கும்போது அதில் கணிசமான பங்கு திரும்பிவரும், மோட்டாரே மின்னாக்கியாகி வண்டியைப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறையும்.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று. மேலே இருக்கும் வீட்டில் இரவு முழுக்கப் போட்டு 100 சதவீதம் நிரப்பிவிட்டு இறங்கினால், திரும்பிவரும் மின்சாரத்துக்கு மின்கலத்தில் இடமிருக்காது. இறக்கத்தின் தொடக்கத்தில், செங்குத்தான இடத்திலேயே, அந்தப் பிடிமானம் குறைந்துபோகும், எல்லாச் சுமையும் சாதாரணப் பிரேக்குக்கு வரும். 80 சதவீதத்தில் நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.


சாரல்வாசி:

அந்தக் காரின் உரிமையாளர் "எது சொன்னாலும் சரி" கட்சி. 80இல் நிறுத்தச் சொன்னதும் முதல் அபிப்பிராயம் வந்துவிட்டது: "90 வைக்கலாமே?"


பழையகியர்:

80. அவர் பேரம் பேசினால் 75.